இது என் முகம்

அந்த வழக்கு பத்திரிகையில் வந்த நாளிலிருந்து சொந்தக்காரர்கள் என்னை விடுவதில்லை. போர் நடக்கும் நாடு, வங்கி மேனேஜர் கைது, நிவாரணப் பணம் நாலு நாடு சுற்றி ஆயுத வியாபாரியிடம் போய்ச் சேர்ந்த கதை. "சினிமா மாதிரி இருக்கே, நீ அந்த ஆபீஸ்லதானே இருந்தே?" என்று கல்யாணப் பந்தியில் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்கிறார்கள். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். நான் துப்பாக்கியைப் பார்த்ததில்லை. அந்த மேனேஜரின் முகம்கூடப் பத்திரிகையில் பார்த்ததுதான். நான் பார்த்ததெல்லாம் பத்து நொடிப் படங்கள். அவற்றில் ஒரு பெண்ணுக்கு நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். மற்றதைப் பத்திரிகையிலேயே படித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அலுவலகம் பெங்களூரின் தெற்கு ஓரத்தில், ஹெப்பகோடிக்குப் பக்கத்தில். மல்லேஸ்வரத்தில் பச்சை மெட்ரோ ஏறி, நடுவில் இறங்கி மஞ்சள் மெட்ரோவுக்கு மாறிப் போவேன். வேலை ரொம்பச் சின்னது. திரையில் இடப்பக்கம் ஒரு ஃபோட்டோ, கணக்குத் தொடங்கும்போது எடுத்தது. வலப்பக்கம் பத்து நொடி வீடியோ. அந்த நாட்டில் போரில் வீடு இழந்தவர்களுக்கு மாதாமாதம் நிவாரணப் பணம் வங்கியில் விழும். அதை எடுக்க, மாதம் ஒருமுறை அவர்கள் கைப்பேசியில் முகம் காட்ட வேண்டும். இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு, கண்ணை மூடு, திற. பெரும்பாலும் கணினியே பார்த்து முடித்துவிடும். அதற்குச் சந்தேகம் வந்தால் எங்களிடம் தள்ளும். எங்களுக்கு இரண்டு பொத்தான்கள். பொருந்துகிறது, பொருந்தவில்லை. தொடர்ந்து மூன்று மாதம் பொருந்தாவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். பிறகு அந்த ஆளுக்குச் சோற்றுக்கு வழியில்லை.

பெயர் தெரியாது, வெறும் எண்தான். சத்தமும் வராது. குண்டு விழுந்து தூசி பறக்கிற ஊரிலிருந்து வரும் முகங்கள் எங்கள் ஏசி அறையில் வாயைத் திறந்து திறந்து மூடும். முதல் ஒரு வாரம் ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு பழகிவிட்டது. பழகியதுதான் எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

எனக்குக் கண் கூர்மை என்று கொஞ்சம் திமிரும் உண்டு. மற்றவர்கள் மூக்கையும் வாயையும் பார்ப்பார்கள். நான் காதைப் பார்ப்பேன். தாடி வளரும், கன்னம் ஒட்டும், காது மாறாது. மெட்ரோவில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் காதைப் பார்த்துக்கொண்டே போவேன். ஒருநாள் மார்க்கெட்டில் கொத்தமல்லி விற்கிறவர் குனிந்தபோது, இந்தக் காதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நின்றுவிட்டேன். யோசித்து யோசித்துப் பார்த்தால், முந்தின நாள் இடிந்த சுவர் முன்னால் நின்ற ஒருவருடைய காது. அவருக்கும் இவருக்கும் ஆயிரக்கணக்கான மைல் தூரம். கொத்தமல்லியை வாங்காமலே வந்துவிட்டேன்.

அந்தப் பெண் முதல் தடவை வந்தபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. முப்பத்தைந்து வயது இருக்கும். தலையில் முக்காடு, இடது கண்ணுக்குக் கீழே மிளகளவு மச்சம். இடப்பக்க ஃபோட்டோவில் இருந்தவள் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள், மச்சம் இல்லை, காது மடலும் வேறு. சந்தேகத்துக்கே இடமில்லை. 'பொருந்தவில்லை'யை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அடுத்த மாதம் அதே எண் மறுபடி என்னிடமே வந்தது. அதே பெண், கன்னம் உள்ளே போயிருந்தது. போன மாதம் பின்னால் ஜன்னல் இருந்த இடத்தில் இப்போது ஜன்னல் இல்லை. ஓட்டை வழியாக வானமும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் தெரிந்தன. அவள் மார்போடு ஒரு காகிதத்தைப் பிடித்திருந்தாள். அதில் அவர்கள் மொழியில் ஏதோ மூன்று வார்த்தை. இடது பக்கம் திரும்பினாள், வலது பக்கம் திரும்பினாள், கண்ணை மூடினாள். காகிதம் மட்டும் அசையவே இல்லை. விதி விதிதான் என்று இரண்டாம் தடவையும் 'பொருந்தவில்லை'யை அழுத்தினேன். ஆனால் கை அடுத்த படத்துக்குப் போக மறுத்தது.

எங்கள் தளத்தில் பேனா, காகிதம், கைப்பேசி எதுவும் கூடாது. எல்லாம் வாசலில் லாக்கரில். அந்த எழுத்துகளை ஒவ்வொரு வளைவாக மனதில் வாங்கிக்கொண்டு, பாத்ரூமுக்குப் போய் கண் மை பென்சிலால் டிஷ்யூ தாளில் வரைந்தேன். மூன்று வார்த்தைக்கு மூன்று தடவை போனேன். பக்கத்து இருக்கைக்காரி, ஹெப்பகோடியிலேயே குடியிருக்கும் தருமபுரிப் பெண், "என்னக்கா, வயிறு சரியில்லையா?" என்றாள்.

சாயங்காலம் வீட்டில் கணவர் தன் கைப்பேசியை அந்தத் தாள்மேல் காட்டினார். மொழிபெயர்க்கும் வசதி ஏதோ இருக்கிறது. சமையல் மேடையில் வைத்திருந்த கைப்பேசி, பெண் குரலில், தமிழில், அலுங்காமல் குலுங்காமல் சொன்னது: "இது என் முகம்."

"யார் எழுதினது இது?" என்றார்.

"தெரியாதுங்க."

"தெரியாதவங்களுக்கா உனக்கு இப்படி வேர்க்குது?"

அவர் விளையாட்டாக மறுபடி பொத்தானைத் தட்டினார். அந்தக் குரல் மறுபடி அதையே சொன்னது. போதும், நிறுத்துங்க என்று கத்திவிட்டேன்.

மறுநாள் முதல் வேலையாக அந்தக் கணக்கின் இடப்பக்க ஃபோட்டோவைத் திறந்து, இந்தத் தடவை முகத்தை விட்டுவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தேன். பின்னால் பழுப்பு நிறத் திரைச்சீலை. வலது மூலையில் ஒரு வளையம் கழன்று துணி தொங்கிக்கொண்டிருந்தது. கீழே சின்ன எழுத்தில், 'கிளையில் புதுப்பிக்கப்பட்டது'. அதாவது பழைய ஃபோட்டோவை எடுத்துவிட்டு, அந்த ஊர் வங்கிக் கிளையில் யாரோ புதிதாக இதை வைத்திருக்கிறார்கள்.

அதன் பிறகு எனக்கு அந்தத் திரைச்சீலை மற்ற கணக்குகளிலும் கண்ணில் பட ஆரம்பித்தது. வெளிச்சம் சரியில்லை என்று எங்களிடம் வரும் படங்களில் வாரத்துக்கு இரண்டு, மூன்று. ஒரு கிழவர், ஒரு இளைஞன், ஒரு கர்ப்பிணி, எல்லோருக்கும் பின்னால் அதே தொங்கல். இடப்பக்கமும் அதே திரை, வலப்பக்கமும் அதே திரை. முகம் கச்சிதமாகப் பொருந்தும். இடிந்த ஊரில் இவர்கள் மட்டும் தலை வாரி, சட்டை மாற்றி, சலூனில் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி இருந்தார்கள். ஒருநாள் மீசை வைத்த ஒருவரைப் பார்த்தேன். நான்கு நாள் கழித்து வேறு எண்ணில் மீசை இல்லாமல் வந்தார். காது அதேதான்.

விஷயம் இதுதான். குண்டில் செத்தவர்கள், ஊரைவிட்டு ஓடியவர்கள் கணக்குகளில், கிளைக்காரர்கள் கூலி முகங்களை வைத்துப் பணத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள். செத்தவர்கள் மாதாமாதம் கண்ணை மூடித் திறந்துகொண்டிருந்தார்கள். மச்சக்காரியையும் செத்துவிட்டாள் என்று நினைத்து அவள் கணக்கில் வேறு ஒருத்தியை உட்கார வைத்துவிட்டார்கள். இவள் சாகவில்லை. அவளிடம் போய், நீ நீயில்லை என்று இரண்டு முறை சொன்னவள் நான்.

தருமபுரிப் பெண்ணிடம் சொன்னேன். "அக்கா, நீங்க போட்ட ரெண்டுமே கரெக்ட்தானே. ஆடிட்ல யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றாள்.

"அதுதான்டி எனக்குப் பொறுக்கல."

எங்கள் டீம் லீட் கன்னடக்காரப் பையன், தமிழும் நன்றாகப் பேசுவான். அவனிடமும் போனேன். "மேடம், முகம் சேமா, சேம் இல்லையா, அவ்ளோதான் நம்ம வேலை. கதை எல்லாம் பேடா, வேண்டாம். டவுட் இருந்தா ஃபார்ம் போடுங்க, மேலே பார்த்துக்குவாங்க" என்றான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மூன்றாம் மாதம் அவள் வந்தாள். அதே ஓட்டை, அதே தண்ணீர்த் தொட்டி, அதே காகிதம். மடித்து மடித்துக் காகிதம் கிழிந்திருந்தது. இன்னொரு தடவை நான் 'பொருந்தவில்லை' என்றால் கணக்கு மூடப்படும். நான் எதையும் அழுத்தாமல் அந்தப் புகார்ப் படிவத்தைத் திறந்தேன்.

அதில் பதினான்கு கட்டங்கள். எல்லோரும் நான்கை நிரப்பிவிட்டு மற்றதில் ஒரு புள்ளி வைத்து அனுப்புவார்கள். எனக்கு அது ஆகாது. கேஸ் இணைப்பானாலும் பள்ளிக்கூடச் சேர்க்கையானாலும் ஒரு கட்டம் காலியாக இருந்தால் எனக்குக் கை அரிக்கும். பதினோராவது கட்டத்தில் கணக்கு உள்ள கிளையின் குறியீட்டைக் கேட்டிருந்தது. இருபது நிமிடம் தேடிக் கண்டுபிடித்துப் போட்டேன். அடுத்த கட்டம், வாடிக்கையாளரை அடையாளம் காண உதவும் விவரங்கள். மச்சத்தை எழுதினேன். வீடியோ எந்தப் பேட்டையிலிருந்து வந்தது என்று திரையில் இருந்ததை எழுதினேன். பின்னால் தெரியும் தண்ணீர்த் தொட்டியை, அதன் நீல நிறத்தை, பக்கத்தில் இருந்த ஒற்றை மரத்தை எழுதினேன். இவ்வளவு நேர்த்தியான படிவத்தை இந்த ஆபீஸ் பார்த்திருக்காது என்று எனக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

இரண்டே நாளில் பதில் வந்தது. 'கோப்பில் உள்ள படம் திருத்தப்பட்டது. நன்றி.' திறந்து பார்த்தால் இடப்பக்கத்தில் அவளுடைய முகம், மச்சத்தோடு. நான் நாற்காலியைவிட்டு எழுந்து கையைத் தட்டிவிட்டேன். மறுநாள் மல்லேஸ்வரத்திலிருந்து ஒப்பட்டு, நம் ஊர்ப் போளிதான், வாங்கிப்போய்த் தளம் முழுக்கக் கொடுத்தேன். "அக்கா, உங்களுக்கு மெடல்தான் குடுக்கணும்" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி. படத்துக்குக் கீழே 'கிளையில் புதுப்பிக்கப்பட்டது' என்று இருந்ததை நான் படித்தேன். படித்தும் எனக்கு உறைக்கவில்லை.

ஐந்தாம் நாள், படம் மாறியதால் புதிதாக எடுத்த அவளுடைய வீடியோ வந்தது. முகம் கழுவியிருந்தாள். புது முக்காடு. காகிதம் இல்லை, கைகளே தெரியவில்லை. பின்னால் பழுப்புத் திரை, வலது மூலையில் தொங்கல். இடது பக்கம் திரும்பு என்று அம்புக்குறி வந்து, போய், அதன் பிறகே திரும்பினாள். கண்ணால் பார்த்துத் திரும்புகிறவர்கள் அப்படித் திரும்ப மாட்டார்கள், யாரோ வாயால் சொல்லக் கேட்டுத் திரும்புவது அது. வலது பக்கமும் அப்படியே. பிறகு கண்ணை மூடச் சொன்னது, மூடினாள். திறக்கச் சொன்னது. அவள் திறக்கவில்லை. பத்து நொடி முடிந்துவிட்டது. கணினி தன்னால் முடிவெடுக்க முடியவில்லை என்று எழுதி, மனிதக் கண்ணைக் கேட்டிருந்தது.

மறுபடி ஓட்டினேன். மறுபடி. ஒவ்வொரு தடவையும் இந்த முறை திறந்துவிடுவாள் என்றே எனக்குத் தோன்றியது. முட்டாள்தனம்தான், பதிவான படம் எப்படி மாறும். டீம் லீட் தன் இருக்கையிலிருந்து, "மேடம், உங்க க்யூல ஒண்ணு நிக்குது பாருங்க" என்று குரல் கொடுத்தான்.

முகம் ஒன்றுதான். அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. ஒருவேளை பயத்தில் கண்ணைத் திறக்காமல் இருந்திருக்கலாம். ஒருவேளை இந்தப் பணம் அவள் கைக்கே போகலாம். மூன்றாவது முறையும், இது உன் முகமில்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'பொருந்துகிறது' என்று அழுத்தினேன்.

அதன் பிறகு அந்த எண் எங்கள் திரைக்கு வரவே இல்லை. நான் இரண்டு மாதத்தில் வேலையை விட்டேன்.

கைதுகள் நடந்த பிறகு வெளிநாட்டு விசாரணைக்காரர் ஒருவர் என்னுடன் வீடியோவில் பேசினார். மொழிபெயர்க்க ஒரு தமிழ்க்காரர் இருந்தார். அப்போதுதான் சொன்னார்கள், பதினோராவது கட்டத்தில் கிளைக் குறியீட்டைப் போட்டால் படிவத்தின் நகல் தானாக அந்தக் கிளைக்கே போய்விடுமாம். புள்ளி வைத்தவர்களின் படிவங்கள் எதுவும் போகவில்லை. என்னுடையது முழுசாக, மரமும் தண்ணீர்த் தொட்டியுமாக, மேனேஜரின் மேசைக்குப் போயிருக்கிறது. நான் பொத்தானை அழுத்திய அன்று மதியமே அவள் கணக்கிலிருந்த பாக்கி முழுவதையும் எடுத்துவிட்டார்கள். யார் எடுத்தது என்று பதிவில் இல்லை.

பிறகு விசாரணைக்காரர் ஒரு கேள்வி கேட்டார். கடைசி வீடியோ முடியும்போது அந்தப் பெண் உயிரோடு இருந்ததாக நினைக்கிறீர்களா?

நான் காதைச் சொன்னேன், மச்சத்தைச் சொன்னேன், தாடையைச் சொன்னேன். அவளேதான் என்றேன். மொழிபெயர்ப்பவர் முடித்ததும் விசாரணைக்காரர் அதே கேள்வியை இரண்டாம் முறை கேட்டார்.

தெரியாது என்று சொல்லி அழுதுவிட்டேன். அவள் எங்கே இருக்கிறாள் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. அவள் இருந்த இடத்தை எழுதிக் கொடுத்தது யார் என்பது மட்டும் அவர்கள் கோப்பில் என் பெயரோடு இருக்கிறது.