விழுந்தடித்துக்கொண்டு வந்த வெள்ளிக்கிழமை

புனே நிக்டியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி முருகன் கோயில். காலையில் தீபாராதனை காட்டும்போதுதான், வீட்டுப் பூஜை விளக்கைத் திரைச்சீலைக்குப் பக்கத்தில் எரியவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. நைட் ஷிப்ட் முடித்த மகள் உள்ளே தூங்குகிறாள். கூப்பிட்டுப் பார்த்தேன், அவள் போனை எடுக்கவில்லை. முருகனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினேன். செருப்பு கோயில் வாசலிலேயே கிடந்தது.

மூன்று மாடி ஏறிக் கதவைத் தட்டினால், மகள் கையில் டீயோடு திறந்தாள். விளக்கை எப்போதோ மலையேற்றிவிட்டாளாம்.

"ஏம்மா இப்படி மூச்சு வாங்குது?"

"விழுந்தடிச்சுக்கிட்டு வர்றேன்டி."

"அப்படின்னா? எங்க விழுந்தே? யாரை அடிச்சே?"

புனேயில் பிறந்தவளுக்கு எப்படிச் சொல்வது? விழவும் இல்லை, அடிக்கவும் இல்லை. இந்தியில் தேடினேன், வாய்க்கு வரவில்லை. அவள் என் வெறுங்காலையும், கையில் கசங்கிய அர்ச்சனைப் பூவையும் பார்த்தாள்.

"ஓ, இதுதானா?" என்று என்னைப் பிடித்து உட்காரவைத்தாள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்குத்தான் குழப்பம். அவளைக் காப்பாற்றச் சொல்லித்தானே அங்கே நின்றேன்? அப்புறம் முருகனை நம்பாமல் நானே ஏன் ஓடினேன்? ஓட வைத்ததும் அவன்தானோ? செருப்பை எடுக்கப் போகும்போது மன்னிப்புக் கேட்பதா, நன்றி சொல்வதா, தெரியவில்லை.