இரும்பா அலுமினியமா

கல்யாணமான நாளிலிருந்து பதினோரு வருஷம் முஹ்சின் வேலைக்குப் போனது மச்சானின் மொபெட்டில், பின்னால் உட்கார்ந்து. மச்சான் சாதிக் பாட்சா அவன் மனைவி பர்வீனின் அண்ணன். இருவருக்கும் நாரணாபுரத்தில் ஒரே பட்டாசுக் கம்பெனி. சாதிக் லோடு ஏற்றுமிடத்தில், முஹ்சின் லேபிள் ஸ்டோரில். சிவகாசியிலிருந்து நாலு கிலோமீட்டர். முஹ்சினுக்குச் சின்ன வயதிலேயே இடது கால் சூம்பிவிட்டது. சாதாரண சைக்கிள் அவனால் மிதிக்கக்கூடியது அல்ல. சாதிக் நாலு கிலோமீட்டரும் பேசுவார். குடும்பத்தில் யார் யாரைச் சுமக்கிறார்கள் என்பதுதான் பேச்சு. எதிர்க்காற்றில் ஒரு சொல்லும் வீணாகாமல் பின்சீட்டுக்கு வந்து சேரும்.

இரண்டாயிரத்து நான்கு ஆடி மாதம். லேபிள் அச்சடிக்கும் பிரஸ் ஒன்றில் மெஷின் பூட்ட வந்திருந்த வெளிநாட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது தன் சைக்கிளை விட்டுவிட்டுப் போனார். பழையது. பெயர் ஸ்டிக்கர் உரிந்துபோயிருந்தது. நேரான ஹேண்டில்பார், சாம்பல் நிறத்தில் ஒல்லிக் குழாய்கள், முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. டயர் ரேஸ் சைக்கிளுக்குத் தடிமன், மலையேறும் சைக்கிளுக்கு மெலிசு. லேபிள் வாங்கப் போன முஹ்சின் அதில் ஏறி முற்றத்தைச் சுற்றினான். முன்னால் சின்னப் பல்லில் செயின் விழுந்தபோது வலது கால் ஒன்றே போதுமாக இருந்தது. அவன் இறங்காமல் இன்னும் எட்டுச் சுற்று சுற்றினான்.

"எடுத்துட்டுப் போங்க பாய். பேப்பர் அடுக்க எடத்த அடைச்சிக்கிட்டு நிக்கி" என்றார் பிரஸ் முதலாளி.

மறுநாள் கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் ஒச்சப்பன் சைக்கிளை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

"என்ன பாய், இம்புட்டு லேசா இருக்கு?"

"வெளிநாட்டு சைக்கிள் அண்ணாச்சி."

"இரும்பு இப்படி இருக்காது. இது அலுமினியம்."

மற்ற ஊர்களில் அலுமினியம் என்றால் பாத்திரம். நாரணாபுரத்தில் அது மருந்து. வெடிக்கு வெளிச்சம் அந்தப் பொடியால்தான். எத்தனை கிலோ உள்ளே இருக்கலாம் என்று லைசென்சில் எழுதியிருக்கும். ஃபோர்மேன் பாண்டிமுருகன் வந்தார். பத்தடி தள்ளி வேப்பமரத்தடியிலேயே நின்றார்.

"எத்தன கிலோ வரும்?"

"பன்னெண்டு, பதிமூணு."

"லைசென்சுல அம்புட்டுக்கு எடம் இல்லியே பாய்."

"அது பொடிக்கு அண்ணாச்சி. இது சைக்கிளு."

"அரைச்சாப் பொடிதான?"

"சைக்கிள யாரு அரைப்பாக?"

"அரைக்க மாட்டேன்னு எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தான். எனது சைக்கிளை நானோ என் வாரிசுகளோ எக்காலத்திலும் அரைக்க மாட்டோம். பாண்டிமுருகன் இரண்டு முறை படித்துவிட்டு, சாட்சிக் கையெழுத்து இல்லை என்றார். அப்போது மொபெட்டில் வந்து நின்ற சாதிக்கிடம் முஹ்சின் பேனாவை நீட்டினான்.

"நல்லாருக்கே. நாளைக்கு நீங்க அரைச்சிட்டீகன்னா யாரு மாப்ள பதில் சொல்லுறது?"

"சனிக்கெளமைக்குள்ள இது என்னதுன்னு தெரிஞ்சாகணும்" என்றார் பாண்டிமுருகன். "இல்லேன்னா மச்சான் வண்டிலயே வாங்க."

சைக்கிள் கடை பெத்தணன் பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தை எடுத்து வந்தார். குழாயில் வைத்தார், ஒட்டியது. ரிம்மில் ஒட்டவில்லை. ஹேண்டில்பாரிலும் சீட் கம்பியிலும் ஒட்டவில்லை.

"ஒடம்பு இரும்பு பாய். கை காலுதான் அலுமினியம்."

அதோடு விடவில்லை, முழுசாகக் கழற்றிப் பூட்டும் ஓவராயிலிங்கில் இறங்கினார். அலுமினிய சீட் கம்பி இரும்புக் குழாய்க்குள் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் எண்ணெய் விட்டு இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தபோது கம்பி வந்தது, பெத்தணன் பக்கத்துக் கடைக்குள் போய் விழுந்தார். பெடல் அச்சைத் தாங்கும் வலது பக்கக் கப்பை இரண்டு மணி நேரம் திருகினார். அதற்கு மரை தலைகீழ். கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். கடைசியில் கப் வந்ததும் குழாய்க்குள்ளிருந்து ஒரு டம்ளர் துருத்தண்ணீர் கொட்டியது.

"அலுமினியத்துக்கு இப்படித் துரு ஏது? பாட்டில்ல புடிச்சிட்டுப் போங்க. ஒங்க சாட்சி."

குழாய்களுக்குள் எண்ணெய் ஊற்றிக் கவிழ்த்து, அச்சுக்குப் புது பால்ஸ் குண்டுகள் போட்டு, சீட் கம்பிக்கு கிரீஸ் தடவிக் கொடுத்தார்.

சனிக்கிழமை முஹ்சின் காந்தத்தோடும் பாட்டிலோடும் போனான். பாண்டிமுருகன் துருவை முகர்ந்து பார்த்தார். இரும்பு என்று ஒப்புக்கொண்டார். கேட்டுக்குள் இருக்கும் ஸ்டாண்டில் அறுபது இரும்பு சைக்கிள் நிற்கிறது, அறுபத்தொன்றாக இதுவும் நிற்கலாம். பிறகு காந்தத்தை வாங்கி ரிம்மில் வைத்தார். அது கீழே விழுந்தது.

"இதுக்கு என்ன சொல்லுதீக?"

ஒச்சப்பன்தான் வழி கண்டுபிடித்தார். "சக்கரம் வெளிய. சைக்கிள் உள்ள."

"ஹேண்டில்பாரு?"

"அது சில்லறை."

அந்த சைக்கிளுக்குச் சக்கரத்தைக் கழற்ற ஸ்பேனர் வேண்டாம், ஒரு லீவரைத் தள்ளினால் போதும். தினமும் காலை முஹ்சின் அரை நிமிஷத்தில் இரண்டையும் கழற்றி எதிரே டீக்கடை பேச்சியம்மாளிடம் கொடுப்பான். மிச்சத்தைத் தோளில் மாட்டி விந்தி விந்தி உள்ளே போவான். பேச்சியம்மாள் போக்ஸ் கம்பிகளில் துணி காயப்போட்டாள். சாதிக் கண்டுகொள்ளாமல் மொபெட்டில் கடந்து போனார். முஹ்சினுக்கு ஒரு குறையும் இல்லை.

புரட்டாசியில் இன்ஸ்பெக்ஷன் வந்தது. ஸ்டாண்டில் ஒன்றுக்கு மட்டும் சக்கரம் இல்லாததைப் பார்த்து அதிகாரி நின்றார்.

"ஏன் இப்படி?"

"பாதுகாப்பு சார்" என்றார் ஒச்சப்பன்.

அதிகாரி பக்கத்து வண்டிகளைக் காட்டினார். "மத்ததுக்கு ஏன் பண்ணல?"

திங்கள்கிழமையிலிருந்து எல்லா வண்டிக்கும் அந்தச் சட்டம் வந்தது, மொபெட் உட்பட. சீசன் நேரம். ஆறு மணிக்கே கேட்டுக்கு வெளியே அறுபது பேர் ஸ்பேனரோடு குந்தியிருந்தார்கள். பேச்சியம்மாளின் கடையை வெளியிலிருந்து பார்க்க முடியவில்லை. சைலன்சர் சுட்டுச் சாதிக்கின் புறங்கை கொப்பளித்தது. மூன்று நாளும் கழற்றி முடிப்பதற்குள் நேரமாகி அரைநாள் சம்பளம் போனது.

நாலாம் நாள் காலை சாதிக் டிபன் தூக்கோடு முஹ்சின் வீட்டு வாசலில் நின்றார்.

"மாப்ள, இன்னிக்கு உங்க கூடயே வந்திருதேன்."

முஹ்சின் சீட்டுக்குப் பின்னால் பார்த்தான்.

"கேரியர் இல்லியே மச்சான்."

"முன்னாடி பார்ல?"

"ஒல்லிக் குழாயி. ஒங்கள தாங்காது. நான் மெதுவாத்தான் மிதிப்பேன், கூடயே நடந்து வாங்க."

சாதிக் நடந்தார். நாரணாபுரம் சாலையில் கொஞ்ச தூரம் மேடு. முஹ்சின் செயினைச் சின்னப் பல்லில் விட்டு நடைவேகத்திலேயே ஏறினான். சாதிக் மூச்சிரைக்கப் பேசிக்கொண்டே வந்தார். மேடு முடிந்து இறக்கம் வந்தது. முஹ்சின் வேகத்துக்கான பெரிய பல்லுக்கு மாற்றினான்.