வரிசையில் நின்ற எச்சரிக்கை

அலுவலகத்தில் அவளுக்குப் பெட்டிக்காரி என்று பெயர். கைபேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருக்கும்போது திரை நடுவே குதித்து, "அழித்துவிடலாமா?", "அனுமதி தருகிறீர்களா?" என்று வழிமறித்துக் கேட்குமே, அந்தப் பெட்டிகள் அவள் பொறுப்பு. உலகத்தில் யாரும் விரும்பிப் பார்க்காத பொருள் அது. எப்போது மூடலாம் என்றுதான் எல்லாருடைய விரலும் துடிக்கும். அப்படிப்பட்ட ஒன்றுக்காக ஒருத்தி ஆறு வருஷம் மெனக்கெட்டாள் என்றால் வெளியில் இருப்பவர்களுக்குச் சிரிப்புதான் வரும். அவளுக்கு அதில் வருத்தமில்லை. பெட்டி என்பது மனிதரை நிறுத்திக் கேட்கிற கேள்வி, நிறுத்துகிறவருக்கு ஒரு மரியாதை வேண்டும் என்பாள்.

அவர்கள் செய்தது சர்க்கரை நோயாளிகளுக்கான செயலி. மேற்கையில் ஒட்டிக்கொள்ளும் காசு அளவு வில்லை ஒன்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரத்தச் சர்க்கரையை அளந்து கைபேசிக்கு அனுப்பும். அளவு எல்லை தாண்டினால் பெட்டி திறக்கும், அலாரம் அலறும். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தச் செயலி சந்தைக்கடையாக இருந்தது. ஆளாளுக்குத் தங்கள் இஷ்டத்துக்குப் பெட்டி திறந்துகொண்டிருந்தார்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். மேலே இருப்பதற்குச் சொன்ன "சரி" கீழே இருப்பதில் போய் விழும். இரண்டு ஒரே நொடியில் திறந்தால் செயலி மூச்சு முட்டித் தானே மூடிக்கொள்ளும்.

அதை அவள்தான் ஒழுங்குக்குக் கொண்டுவந்தாள். இனி யாரும் நேரடியாகப் பெட்டி திறக்கக் கூடாது. எதுவானாலும் அவள் எழுதிய வரிசையில் வந்து நிற்க வேண்டும். முன்னால் இருப்பது மூடிய பிறகுதான் அடுத்தது திறக்கும். பெட்டி திறக்கும்போதுதான் அதன் ஓசையும் கேட்கும், வெறும் சத்தம் மட்டும் வந்து யாரையும் திகைக்க வைக்காது. ஒரே மாதத்தில் செயலி விழுவது நின்றது. அன்று அவளுக்கு வந்த பெருமிதம் கொஞ்ச நஞ்சமல்ல. தட்டச்சு வேலைக்கு வந்தவள், முப்பது வயதுக்கு மேல் தானே உட்கார்ந்து நிரல் கற்றவள், மூலையில் கிடந்த ஒரு வேலையை எடுத்து நிமிர்த்தி வைத்திருக்கிறாள். பெருமைப்பட அவளுக்கு உரிமை இருந்தது. தப்பும் அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

விற்பனைப் பிரிவுத் தலைவர் வாரத்துக்கு ஒரு பெட்டியோடு வருவார். புதுச் சலுகைக்கு ஒன்று, நண்பரை அழைக்க ஒன்று, நட்சத்திரம் போடச் சொல்லி ஒன்று. ஒவ்வொன்றும் உயிர்போகிற அவசரம்.

"மேடம், இத மட்டும் முதல்ல காட்டுங்க. மத்ததெல்லாம் பின்னாடி வரட்டும்."

"வரிசை எல்லாருக்கும் ஒண்ணுதான் சார். முதல்ல வந்தது முதல்ல போகும்."

பிடித்த பிடியில் நின்றாள். இதற்கு முதலிடம், அதற்கு இரண்டாமிடம் என்று தரம் பிரித்தால் முதலிடத்தை அவர் தினமும் கேட்பார், மேலிடத்தில் சொல்லி வாங்கியும் விடுவார். ஆகவே தரமே கிடையாது என்று வைத்துவிட்டாள். சிபாரிசு செல்லாத ஒரே இடம் என் வரிசை என்று சொல்லிச் சிரிப்பாள்.

ஒருநாள், செயலியைச் சோதித்துப் பார்க்கும் பெண் அவள் மேஜைக்கு வந்து நின்றாள். எதையும் இரண்டு தடவை கேட்கிற பெண்.

"மேடம், ஒரு பெட்டி திறந்தே இருக்கு, அந்த நேரத்துல சர்க்கரை இறங்கற எச்சரிக்கை வந்தா?"

"காத்திருக்கும். ரெண்டு வினாடில மூடிடப் போறாங்க."

"மூடலேன்னா?"

"எவ மூடாம உக்காந்திருப்பா? ஒருத்தருக்கு வழி விட்டா எல்லாரும் முன்னால வந்து நிப்பாங்க. போய் வேலையப் பாரும்மா."

அந்தப் பெண் அதை ஒரு குறிப்பாக எழுதி வைத்துவிட்டுப் போனாள். இவள் அதன்மேல் "தேவையில்லை" என்று குறித்து மூடினாள்.

மூடாமல் உட்கார்ந்திருக்கிற ஒருத்தி அவள் வீட்டிலேயே இருந்தாள். அவளுடைய அக்கா. பதினொரு வயது மூத்தவள், அம்மா போன பிறகு அம்மாவாக இருந்தவள். அச்சகங்களுக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்திக் கொடுப்பது அக்காவின் தொழில். மருந்துச் சீட்டின் பின்பக்கம் வரை படிப்பாள். செயலியில் உள்ள ஒவ்வொரு பெட்டியின் வாசகமும் அவள் கை பட்டுத்தான் போனது. தங்கை தாளில் எழுதி எடுத்துவருவாள், அக்கா பென்சிலால் பாதியை அடித்துவிடுவாள்.

"தலை சுத்தறவன் இவ்வளவு நீளமாவா படிப்பான்? சாப்பிடச் சொல்லு. அவ்வளவுதான்."

அக்காவுக்கே இருபது வருஷமாகச் சர்க்கரை. தினமும் இன்சுலின் ஊசி. நாள்பட்ட நோயாளிகள் சிலருக்கு உடம்பு முன்கூட்டிச் சொல்வதை நிறுத்திவிடும். வேர்க்காது, கை நடுங்காது, சர்க்கரை இறங்குவது தெரியவே தெரியாது. அக்கா அந்த ரகம். வில்லைதான் அவளுக்குக் காவல். தங்கை தன் கையாலேயே அதை ஒட்டிவிட்டாள், செயலியையும் போட்டுக் கொடுத்தாள். நம்பித்தான் கொடுத்தாள்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. தினமும் பன்னிரண்டு மணிக்கு அக்காவுக்குப் பேசுவது வழக்கம். அன்று இரண்டு தடவை அடித்தும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவையும் எடுக்கவில்லை. மாற்றுச் சாவி வைத்திருக்கும் கீழ்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டாள். அந்த அம்மா கதவைத் திறந்து உள்ளே போனதும் போட்ட கூச்சல் தொலைபேசியிலேயே கேட்டது. அக்கா திருத்தும் மேஜைக்குக் கீழே சரிந்து கிடந்தாள். பக்கத்தில் கைபேசி.

மருத்துவமனையில் அக்காவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். இளம் டாக்டர் ஒருவர் வெளியே வந்தார்.

"ரொம்ப நேரம் இறங்கியே இருந்திருக்கு. கண் முழிச்சாத்தான் எதுவும் சொல்ல முடியும். கையில வில்லை போட்டிருக்காங்களே, அலாரம் அடிக்கலையா?"

"அடிச்சிருக்கணும்," என்றாள்.

கீழ்வீட்டு அம்மா கொடுத்த கைபேசி பையில் இருந்தது. நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து திறந்தாள். திரையில் ஒரு பெட்டி நின்றுகொண்டிருந்தது. "எங்கள் செயலி உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? நட்சத்திரம் போட்டு, காரணத்தையும் எழுதுங்கள்." விற்பனைத் தலைவருடைய பெட்டி. காலை ஊசிக் கணக்கைப் பதிந்ததும் திறந்திருக்கிறது. அக்கா நான்கு நட்சத்திரம் போட்டிருந்தாள். யாருக்கும் முழு மதிப்பெண் கொடுக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. கீழே ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதியிருந்தாள்:

"வாசகங்கள் தெளிவாக உள்ளன. நம்மை அவசரப்படுத்துவதில்லை. ஒரு கேள்விக்குப் பதில் சொல்லி முடித்த பிறகே அடுத்தது வருகிறது. இதைச் செய்தவள் என்"

அதோடு நின்றிருந்தது.

விஷயம் அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. புரிந்தும் கை தானாகப் "பிறகு" என்பதைத் தொட்டது. பெட்டி மூடியது, அடுத்த நொடி அலாரம் நடைபாதை முழுக்க அலறியது. "சர்க்கரை மிகவும் குறைவு. உடனே இனிப்பாக ஏதாவது சாப்பிடுங்கள். 10:44." மூடினாள். மறுபடி அலறியது. 10:59. மூடினாள். 11:14. நடந்து போனவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் ஒருத்தி ஓடிவந்து, "யாருக்கும்மா?" என்று கேட்டாள். அவள் அடுத்ததை மூடினாள். ஏழு பெட்டிகள். கால் மணிக்கு ஒன்றாக வந்து, ஒன்றன்பின் ஒன்றாக, தள்ளாமல் முண்டாமல், அவள் சொல்லிக் கொடுத்தபடியே நின்றிருக்கின்றன. அத்தனையையும் கடைசி வரை மூடிவிட்டு அழுதாள். சத்தம் போட்டே அழுதாள்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அலுவலகத்துக்குப் பேசினாள். கூட்ட அறையில் எல்லாரையும் உட்கார வைத்து ஒலிபெருக்கியில் போட்டார்கள். விற்பனைத் தலைவர்தான் முதலில் வாயைத் திறந்தார். அவரும் பயந்துதான் போயிருந்தார்.

"மேடம், வில்லையிலேருந்து தகவல் லேட்டா வந்திருக்கலாம். அவசரப்பட்டு நாமளே எதையும் ஒத்துக்க வேண்டாம்."

"லேட்டா வரல சார். நேரத்துக்கு வந்துச்சு. நான்தான் நிக்க வெச்சேன்."

அவளே தொடர்ந்தாள். "இந்தக் கேள்விய ஒரு பொண்ணு போன வருஷமே கேட்டா," என்றாள். "நான்தான் தேவையில்லேன்னு மூடிட்டேன். அந்தக் குறிப்ப எடுத்து மறுபடி திறங்க. என் பேரப் போட்டே திறங்க."

அந்த பெஞ்சிலேயே மடிக்கணினியை வைத்துக்கொண்டு திருத்தத்தை எழுதினாள். உயிருக்கு ஆபத்து என்றால் வரிசை கிடையாது. முன்னால் எது நின்றாலும் விலக்கிவிட்டுத் திறக்கும். பெட்டி திறந்தாலும் திறக்காவிட்டாலும் அலாரம் அடிக்கும். எண்ணிப் பார்த்தால் நாற்பது வரி. ஆறு வருஷம் வீம்பு பிடித்து எழுதாமல் விட்ட நாற்பது வரி அது. சோதிக்கும் பெண் மாலைக்குள் எட்டு கைபேசிகளில் ஓட்டிப் பார்த்துச் சரி என்றாள். இரவுக்கு முன் வெளியிட்டார்கள்.

வெளியிட்டால் போதுமா? நோயாளிகள் புதியதை இறக்கிக்கொள்ள வேண்டுமே. காலையில் பார்த்தபோது, வில்லை போட்டவர்களில் எழுநூறு பேர் இன்னும் பழையதிலேயே இருந்தார்கள்.

"உடனே அப்டேட் பண்ணுங்கன்னு ஒரு பெட்டி அனுப்பிடலாமா?" என்று விற்பனைத் தலைவர் கேட்டார்.

"அனுப்பலாம் சார். அதுவும் அந்தப் பழைய வரிசையிலதான் போய் நிக்கும்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆளுக்கொரு பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் தொலைபேசியில் கூப்பிடுவது என்று முடிவாயிற்று. அவரும் ஒரு பட்டியலை வாங்கிக்கொண்டார்.

அன்று பிற்பகல் அக்கா கண் விழித்தாள். பேச்சு இழுத்து இழுத்து வந்தது. இடது கை சொன்னபடி கேட்கவில்லை. போகப் போகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் டாக்டர். தங்கையைக் கண்டதும் அக்கா கேட்டது இதுதான்:

"நான் எழுதிட்டிருந்தேனே... முடிக்கலியே. அனுப்பிட்டியா?"

"இல்லக்கா."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். வரிசையை, விற்பனைத் தலைவரிடம் பிடித்த வீம்பை, அந்தப் பெண்ணை விரட்டியதை, பெட்டிக்குப் பின்னால் ஏழு தடவை எச்சரிக்கை வந்து நின்றதை. ஒன்றையும் மழுப்பவில்லை. அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிழை திருத்தும்போது எப்படி முகம் இருக்குமோ அப்படியே இருந்தது.

"என்ன மன்னிச்சிடுக்கா," என்றாள் தங்கை.

அக்கா வேறு கேள்வி கேட்டாள்.

"என்னை மாதிரி... பழசையே வெச்சிருக்கறவங்க இன்னும் எத்தன பேரு?"

"எழுநூறு இருந்தது. காலையிலேருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்கோம். இன்னும் இருநூத்திப் பத்து."

"அதுல உன் பங்கு?"

"முப்பத்தெட்டு."

அக்கா தலையை மெல்லத் திருப்பி அவளைப் பார்த்தாள். கண்ணில் கோபம் இருந்தது. கோபம் மட்டுமே இருந்தது என்றும் சொல்ல முடியாது.

"அப்புறம் இங்க எதுக்குடி உக்காந்திருக்கே? மன்னிக்கறதெல்லாம்... அவங்களுக்கு அப்புறம். அது வரிசைல நிக்கட்டும்."

அவள் எழுந்து நடைபாதைக்கு வந்தாள். நேற்றைய அதே பெஞ்ச். பட்டியலில் முதல் எண்ணை அடித்தாள். ஒரு வயதானவர் எடுத்தார், யார் பேசுவது என்று இரண்டு தடவை கேட்டார். அவள் சொன்னாள்.

"அப்படியா? இருங்கம்மா, திரையில என்னமோ கேள்வி நிக்குது. படிச்சு பதில் போட்டுட்டு வந்திடறேன்."

"ஐயா, வேண்டாம்," என்றாள் அவள். "படிக்காதீங்க. முதல்ல அத மூடுங்க."