மெடிக்கலுக்காகக் கொடுத்த மாத்திரை

சவுதி வேலைக்கான மெடிக்கலில் என் மகனுக்குப் பிரஷர் அதிகம் என்று சொல்லி, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். இருபத்தெட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன பிரஷர் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. டாக்டரிடம் காட்டாமல், நான் பிரஷருக்குப் போடும் மாத்திரையையே அவனுக்குக் கொடுத்தேன். அடுத்த முறை தேறிவிட்டான்.

கிளம்பும்போது, "மாத்திரையை இன்னமும் போடணுமா வாப்பா?" என்று கேட்டான்.

"அதான் பாஸாயிட்டியே, இனி எதுக்குடா?" என்றேன்.

அதன்பின் அவன் ஒரு தடவைகூடப் பிரஷர் பார்க்கவில்லை. சவுதி போன எட்டாம் மாதம் வேலை செய்த இடத்திலேயே விழுந்தான். பக்கவாதம். வலது கையைத் தூக்க முடியாமல் இப்போது சொந்த ஊரான புதுமடத்தில் எங்களோடு இருக்கிறான்.

போன வாரம், என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். "காக்கா, எம் மகனுக்கும் மெடிக்கல்ல பிரஷர் கூடுதலாக் காட்டுதாம். நீங்க குடுத்த மாத்திரை பேரு என்ன?"

என் மகன் உள்ளே படுத்திருப்பது தெரிந்தும் கேட்கிறார்!

"அவனை மொதல்ல டாக்டர்ட்ட காட்டுங்க தம்பி! மாசாமாசம் பிரஷர் பாருங்க! என்னைய மாதிரி பிள்ளையக் கெடுத்துறாதீங்க!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

அந்தக் கோபம் அவர்மேல் இல்லை. பிரஷர் கருவி என் மகனைக் காப்பாற்றத்தான் பார்த்தது. நான் அதை ஏமாற்றிவிட்டு, ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.