நாற்பது பேருக்கு நாற்பத்தாறு உழக்கு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ரங்கூன் கண்டோன்மெண்டில் நாற்பது தமிழ்ச் சிப்பாய்களுக்கு நான் சமையல்காரன். கடல் கடந்து இவர்களை இங்கே வைத்திருக்கத்தான் வேண்டுமா, ஊருக்கு அனுப்பிவிடலாமா என்று மேலே யோசித்துக்கொண்டிருந்தார்கள். சிப்பாய்களுக்கு ஊர் ஆசை. எனக்கு மட்டும் அந்த ஆசை இல்லை. பட்டாளம் கப்பலேறினால் நானும் ஏற வேண்டும். என் மனைவி பர்மாக்காரி, நிறைமாதம். பெற்ற தாயை விட்டு வரமாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

எங்கள் சமையற்கட்டில் ஒரு வழக்கம். ஆளுக்கு ஓர் உழக்கு அரிசி. ஒருவன் செத்துப்போனால் அவன் உழக்கை உடனே நிறுத்தமாட்டோம். ஊரில் கருமாதி முடிந்தது என்று கடிதம் வரும்வரை போடுவோம். அந்த மழைக்காலத்தில் நாற்பத்தாறு பேரில் ஆறு பேர் காய்ச்சலில் போய், இந்த நாற்பது பேர் மிஞ்சினார்கள். ஒருவர் வீட்டிலிருந்தும் கடிதம் வரவில்லை. ஆக நாற்பத்தாறு உழக்கு.

மீந்திருக்க வேண்டும், இல்லையா? ஒரு பருக்கை மீந்ததில்லை. பேய்க் கதை பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். எவனோ திருடித் தின்கிறான் என்று ஒருநாள் மதியத்துக்கு நாற்பதே உழக்கு போட்டேன். அண்டாவை விட்டு நகராமல் நானே பரிமாறினேன். யாரும் கூடுதலாக வாங்கவில்லை. ஆனாலும் வரிசையில் கடைசி ஆறு பேருக்குச் சோறில்லை. மறுபடி உலை வைத்தேன். மறுநாளிலிருந்து பழையபடி நாற்பத்தாறு.

பட்டாளத்தை வைத்திருப்பதா அனுப்புவதா என்று விசாரிக்க வந்த துரை என் அடுப்படியிலும் வந்து நின்றார். நான் அளந்ததை எண்ணினார். சாப்பாடு முடிந்ததும் காலி அண்டாவை எட்டிப் பார்த்தார்.

“ஆறு பேர் சோறு எங்கன்னு கேக்கிறாரு,” என்றார் எங்கள் ஜமேதார். “திருடிட்டியா?”

பெரிய கெட்டிக்காரன் என்று எனக்கு நினைப்பு. செத்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள் என்று தெரிந்தால் பட்டாளத்தை எப்படி அனுப்புவார்கள்?

“செத்துப்போன ஆறு பேரும் சாப்பிட்டாங்கய்யா. அவங்க இங்கதான் இருக்காங்க. அவங்கள விட்டுட்டு எப்படிப் போறது?”

ஜமேதார் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். துரை யாரும் உட்காராத கடைசிப் பலகையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

பத்தாம் நாள் உத்தரவு வந்தது. இந்த ஊர் இவர்கள் புத்தியைக் கெடுத்துவிட்டது, ஒருவரையும் வைத்திருக்க வேண்டாம், எல்லோரும் அடுத்த கப்பலில். சிப்பாய்கள் என்னைத் தோளில் தூக்கி ஆடாத குறை.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்தபடி கேட்டாள். பிறகு என்னிடம் கற்றுக்கொண்ட தமிழிலேயே சொன்னாள்.

“திருடினேன்னு சொல்லியிருந்தா உங்களை மட்டும் வேலையை விட்டுத் துரத்தியிருப்பாங்க. இங்கயே இருந்திருப்பீங்க.”

அது எனக்குத் தோன்றவே இல்லை.