வானொலியை அணைக்காத நாள்

காலை ஐந்து ஐம்பதுக்கு நான் முதலில் பார்த்தது, அடுப்பு மேட்டில் நிமிர்ந்து நின்ற நான்கு பெட்டரிகளை. இரவு வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்த மாரிமுத்து மாமா, குளிர்ந்த கைகளால் அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். சூடேறினால் பெட்டரி இன்னும் ஒரு நாள் உழைக்கும் என்று அவர் நம்பினார். "பொண்டாட்டிக்கு ஒருநா அடுப்பூதிக் குடுத்ததில்ல, பெட்டரிக்குக் குளிரு காய வைக்கிறாரு" என்றார் அவர் மனைவி, எங்கள் அத்தை.

தெமோதரைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து வீடுகள் இருந்தன; வானொலி ஒன்றுதான் இருந்தது. அது பக்கத்து வீட்டு மாரிமுத்து மாமாவுடையது. ‘ஸ்டோரு’ என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அவர், மாலைச் செய்தியும் அதன்பின் நாலைந்து பாட்டும் முடிந்ததும் பெட்டியை அணைத்து, துணியால் மூடிவிடுவார். அதனால் வானொலி என்பது ஒரு மணி நேரம் மட்டும் பேசிவிட்டுத் தூங்கிப்போகும் ஒன்று என்றுதான் ஒன்பது வயதுவரை நினைத்திருந்தேன்.

அன்று அதை அணைக்க வேண்டாம் என்று அம்மா கேட்டிருந்தார். அம்மாவின் தங்கை பாக்கியம் சித்தி, சித்தப்பாவோடும் ஒரு வயதுத் தம்பி சிவாவோடும் தெமோதரையில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்குப் போய் ஏழு மாதமாகியிருந்தது. இலங்கையிலிருந்து போகிறவர்களை முதலில் தங்கவைக்கும் மண்டபம் முகாமில் யாரோ எழுதிக் கொடுத்த ஒரே கடிதம்தான் வந்தது. வேறெங்கோ அனுப்பப் போகிறார்கள், எங்கேயென்று தெரியவில்லை, புள்ளையின் பிறந்தநாளுக்கு ரேடியோவில் வாழ்த்துச் சொல்கிறோம், அதில் ஊர்ப் பெயர் வரும் என்று அதில் இருந்தது. அந்தப் புள்ளை நான்தான்; அன்றுதான் என் பிறந்தநாள். எந்த நிகழ்ச்சியில் என்று கடிதத்தில் இல்லை. விலாசம் தெரியாமல் அம்மாவால் ஒரு வரி பதில் போட முடியவில்லை. "பள்ளிக்கூடம் வேணாம், ஒக்காந்து கேளு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்கு இருட்டோடு போனார்.

கொய்யா மரத்தில் கட்டிய செப்புக் கம்பி வழியாக அந்த நாள் உள்ளே வந்தது. முதலில் நாதசுரம், பிறகு பக்திப் பாடல்கள், செய்தி. பாடசாலை ஒலிபரப்பில் ஓர் ஆசிரியர் நான் காணாத ஆறுகளின் பெயர்களை அடுக்கினார். மாதர் நிகழ்ச்சியில் ஒரு பெண் முட்டைப் பொரியல் செய்தார். மீனவர்களுக்கான வானிலை அறிக்கை வந்தபோது வாசலில் பனிமூட்டம் லயத்தின் கூரைவரை இறங்கியிருந்தது. மன்னார்க் கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்ற குரலைக் கேட்டு, சித்தி போன கடல் அந்தப் பனிக்குப் பின்னால், தேயிலைச் சரிவு முடியும் இடத்தில்தான் தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றியது. அங்கிருந்து அலைச் சத்தம்கூடக் கேட்டது. அது பெட்டியின் இரைச்சல் என்று இப்போது எழுதலாம். அன்று அது கடல்தான்.

மரண அறிவித்தல் தொடங்கியதும் அத்தை அகப்பையை வைத்துவிட்டுக் கேட்டார். அன்புக் கணவர், பாசமிகு தந்தை என்று நீளும் யாழ்ப்பாணத்துப் பெயர்கள். "நம்ம ஆளுங்க பேரு இதுல வராது புள்ள" என்றார். "காசு கட்டணும். நம்ம செத்தா பெரட்டுலதான் சொல்லுவாங்க."

மதியம் அம்மா சோற்றுக்கு வந்தார். "வந்துச்சா?" என்றார். இல்லையென்றேன். நின்றபடியே சாப்பிட்டுவிட்டு மலைக்குப் போனார்.

பிற்பகல் நாடகத்தில் ஒரு நீதிபதி தீர்ப்புச் சொல்லப்போன நேரத்தில் குரல் தேய்ந்து, கொசுவின் ரீங்காரம் போலானது. பகல் முழுக்கத் தூங்காமல் புரண்டுகொண்டிருந்த மாமா எழுந்து வந்தார். தன் டோர்ச் லைட்டைத் திருகி, மூன்று பெட்டரிகளைக் கொட்டி, பெட்டிக்குள் இருந்த நான்கில் மூன்றை மாற்றிப் போட்டார்.

"ராவைக்கு எதக் காட்டிக்கிட்டுப் போவீங்க?" என்றார் அத்தை.

"ஒன் மொகத்தத்தான். கூட வாறியா?"

அந்தி நிகழ்ச்சியில் எங்கள் தோட்டத்தின் பெயரும் என் பெயரும் வந்தபோது அம்மா வாசலில் நின்றிருந்தார், கொழுந்துக் கூடை இன்னும் முதுகில் இருந்தது. அறிவிப்பாளர் நிதானமாக வாசித்தார்: வாழ்த்துபவர்கள் கோத்தகிரியிலிருந்து அன்புச் சித்தி பாக்கியம், தம்பி சிவா. தொடர்ந்து ஒரு பாட்டு ஆரம்பமானது.

"கோத்தகிரியாம்! அங்கயும் தேயிலதான்" என்று அத்தை கைதட்டினார். "இங்க குளிருதுன்னு போயி அங்க போர்த்திக்கிறாளா?"

அம்மா கூடையை இறக்கவில்லை. "அவ வீட்டுக்காரரு பேரச் சொல்லலியே, அண்ணே."

"தபாலட்டையில எடம் பத்தாமப் போயிருக்கும், தங்கச்சி."

"தம்பி பேருக்கு எடம் இருந்திருக்கே."

பெட்டி மட்டும் சந்தோஷமாகப் பாடிக்கொண்டிருந்தது. மாமாவுக்குக்கூட அதை அணைக்கத் தோன்றவில்லை. இருட்டியதும், பெட்டரிகளைக் கழற்றாமல், வெறுங்கையோடு ஸ்டோருக்கு இறங்கிப் போனார்.

சித்தி பெயரோடு கோத்தகிரி தபால் நிலையம் என்று மட்டும் விலாசமிட்டு அம்மா போட்ட கடிதத்துக்கு ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. சித்தப்பா காய்ச்சலில் போய்விட்டார் என்று இருந்தது. செத்தவர் பேரில் புள்ளைக்கு வாழ்த்துச் சொல்லக்கூடாதென்று விட்டுவிட்டேன் அக்கா, என்றும் இருந்தது.

போன மாதம் அந்த லயத்துக்குப் போயிருந்தேன். பத்து வீடுகளில் மூன்றில் ஆட்கள் இருக்கிறார்கள். வானொலிப் பெட்டி எந்த வீட்டிலும் இல்லை. ஆளுக்கொரு கைப்பேசி, அவரவர் காதுக்கு மட்டும் பாடுகிறது. கோத்தகிரியில் சிவா லொறி ஓட்டுகிறான். நினைத்த நேரத்தில் அவனோடு முகம் பார்த்துப் பேசுகிறேன்.

அம்மாவும் சித்தியும் அதன்பின் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.