தீவுக்குப் போக நான் குறித்த மாதம்

நான்கைந்து வருடங்களுக்கு முன், ஒரு ஜூன் மாதக் கடைசியில், அந்தமானில் நடந்தது இது. காரைக்காலில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு தீவைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் மனைவியின் வெகுநாள் ஆசை. எப்போது போவது என்று முடிவு செய்தது நான்.

அவள் பிப்ரவரியில் போகலாம் என்றாள். நாங்கள் தங்கவிருந்த விடுதியை நடத்தும் அம்மாளும் போனில் அதையேதான் சொன்னார். அவருடைய பெற்றோர் ராமநாதபுரத்திலிருந்து அங்கே போய்க் குடியேறியவர்கள். "பொங்கல் கழிச்சு வாங்க சார். இப்ப மழைக்காலம். கப்பல் நின்னுச்சுன்னா நின்னதுதான்" என்றார். சீசன் வாடகைக்கு அடி போடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். ஆனி மாதத்தில் காரைக்காலில் வெயில் கொளுத்தும். அதோடு, மீன்பிடித் தடைக்காலம் அப்போதுதான் முடிந்து, கருக்களாச்சேரிப் படகுகள் கடலுக்குக் கிளம்பியிருந்தன. கடல் அடங்கியதால்தானே விடுகிறார்கள் என்று நானாகவே எடுத்துக்கொண்டேன். அந்தத் தடை மீன் குஞ்சு பொரிப்பதற்காக. காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கடற்கரையில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. அங்கேயும் இதே வங்கக் கடல்தானே என்று அவள் வாயை அடைத்துவிட்டு டிக்கெட் போட்டேன்.

அவளுக்கு இழுப்பு உண்டு. மருந்தை ஆவியாக்கித் தரும் நெபுலைசர் எங்கே போனாலும் பெட்டியில் கூடவே வரும்.

போர்ட் பிளேயரிலிருந்து விடுதி இருந்த சின்னத் தீவுக்குக் கப்பலில் போகும்போதே அலை தூக்கித் தூக்கிப் போட்டது. மறுநாள் காலை கண் விழித்தால், கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். அன்றைய கப்பல் ரத்து என்றார்கள். அதற்கு மறுநாளும் ரத்து. அறைச் சுவரெல்லாம் வியர்த்தது போல ஈரம் பூத்தது. தலையணையிலேயே பூஞ்சை வாடை. அவள் இரும ஆரம்பித்தாள். வாயில் அடிக்கும் பம்பும் தீர்ந்து போயிற்று.

மதியம் காற்று ஒரு சுழற்று சுழற்றியதில் கரண்ட் போனது. மடியில் நெபுலைசரை வைத்துக்கொண்டு அவள் என்னைப் பார்த்தாள். கீழே ஓடினேன். ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை. அதுவும் கப்பலில்தான் வர வேண்டுமாம்.

திரும்பி மேலே வந்தபோது அவள் கட்டிலில் முன்னால் சாய்ந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றியிருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது. உதடு கறுத்துவிட்டது. பேச முயன்றாள். ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு வேண்டியிருந்தது.

"பொண்ணுகிட்ட... போன்ல... சொல்லிடாதீங்க."

விடுதி அம்மாள் என் பின்னாலேயே மேலே வந்து பார்த்தார். ஜீப்பை எடுத்து வந்து அவளை ஏற்றினார். சுகாதார நிலையம் பக்கத்தில்தான். ஆனால் பாதி வழியில் ஒரு பெரிய மரம் ரோட்டை அடைத்துக்கொண்டு விழுந்து கிடந்தது. அவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். அங்கிருந்த ஒரு வீட்டிலிருந்து மூன்று நான்கு பேர் நனைந்துகொண்டே வந்தார்கள். வங்காளிகள். அவர் அவர்கள் மொழியில் ஏதோ சொல்ல, ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை எடுத்து வந்தார். அதில் அவளை உட்காரவைத்து, கிளைகளுக்கு நடுவே தோளுக்குத் தோள் மாற்றி அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். குடை எப்போதோ திரும்பி மடங்கியிருந்தது. அதைக் கீழே போடக்கூட எனக்குத் தோன்றவில்லை. நாற்காலியில் அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது, முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

சுகாதார நிலையத்தில் கரண்ட் இருந்தது. ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், மருந்தை ஆவியாகக் கொடுத்தார்கள். எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. அவள் தோள் அசைவது மெல்ல அடங்கி, நகத்தில் நிறம் வந்தது.

அப்போதுதான் டாக்டர் இந்தியில் கோபமாக ஏதோ கேட்டார். விடுதி அம்மாள் தமிழில் சொன்னார்.

"இழுப்புக்காரங்களை இந்த மாசத்துல யாரு கூட்டிட்டு வந்ததுன்னு கேக்குறாரு."

அவருக்குப் பதில் தெரியும். போனில் அவர் எச்சரித்தது என்னைத்தான். நான் வாயைத் திறப்பதற்குள், முகமூடி மாட்டியிருந்த என் மனைவி கையைத் தூக்கித் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். தான்தான் என்று.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் சும்மா நின்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மனைவியின் ஈரத் தலையைத் துவட்ட ஆரம்பித்தார். கப்பல் மறுபடி ஓடும்வரை எங்களைப் பார்த்துக்கொண்டார். ஒரு சொல்கூடக் குத்திப் பேசவில்லை.

ஊருக்கு வந்த பிறகும் மனைவி அதையேதான் சொன்னாள். 'அவர் அப்பவே வேண்டாம்னாரு, நான்தான் அவசரப்பட்டேன்' என்று மகளிடம், அக்கம்பக்கத்தில், மாதா கோயில் பூசை முடிந்து நலம் விசாரித்தவர்களிடம். எதையும் யோசித்துச் செய்பவர் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர். அதைக் காப்பாற்றினாள். கிறிஸ்துமஸ் விருந்தில் அவள் தம்பி, "அக்கா, அடுத்தது எந்தப் புயலுக்கு டிக்கெட் போட்டிருக்க?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளும் சிரித்துக்கொண்டே எனக்குக் கறி பரிமாறினாள்.

ஒவ்வொரு வருடமும் அந்தக் கேலி வந்துகொண்டுதான் இருக்கிறது. ஒருநாள் தனியாக இருக்கும்போது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "இப்ப எதுக்குங்க அதெல்லாம்" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அதையே சாக்காக வைத்து மறுபடியும் பேசாமல் இருந்தேன்.

மைத்துனர் இந்தப் பத்திரிகையின் வாசகர், அதனால் அவருக்கு இதை இங்கேயே எழுதுகிறேன். மாதத்தைக் குறித்தது உங்கள் அக்கா அல்ல, நான்தான். மாதத்தைத் தப்பாகக் கணித்ததை அறியாமை என்று விட்டுவிடலாம். மூச்சு முழுதாகத் திரும்பாத நிலையிலும் எனக்காகக் கையைத் தூக்கியவளின் பக்கத்தில் வாய் மூடி நின்றதற்கு மட்டும் எனக்கு இன்றுவரை ஒரு சமாதானமும் கிடைக்கவில்லை.